மாசி வாங்க மாலைதீவு: ஒரு சின்னத் தீவு நாட்டைக் கணக்குப் பார்த்த அனுபவம்

சுன்னாகத்தில் வீட்டோடு சேர்ந்த கொட்டில் ஒன்றில் மாசிச்சம்பலும் கறித்தூளும் செய்து விற்கிறேன். மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் அலைய வேண்டியதில்லை, வலிகாமத்துத் தோட்டங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தலையிடி மாசிதான், அதாவது சூரை மீனை அவித்துப் புகையிட்டுக் கல்லுப்போலக் காயவைத்த கருவாடு. கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் எடுப்பித்தால், ஒரு மூட்டையில் கல்லில் தட்ட 'டொக்' என்று கேட்கும் மாசி வரும். அடுத்த மூட்டையில் நகம் பதியும். இரண்டும் மாலைதீவு மாசிதான் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணுவார். தென்பகுதியில் செய்யும் உள்ளூர் மாசியும் அதற்குள் கலந்திருக்கும். உள்ளூர் மாசியைக் குறை சொல்லவில்லை, நல்லதும் இருக்கிறது. எது எதுவென்று தெரியாமல் ஒரே விலை கொடுப்பதுதான் எனக்குக் கட்டாது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள தமிழ்க் கடைகள் கேட்கத் தொடங்கிய பிறகு, மாசி வரும் இடத்தையே போய்ப் பார்த்து, அங்கிருந்து நேராக எடுக்க முடியுமா என்று பார்க்க முடிவு செய்தேன். இதே யோசனையோடு இருக்கும் சிறு உற்பத்தியாளர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். வேறு சாமானுக்காக வேறு தீவைப் பார்ப்பவர்களுக்கும் இதில் பாதியாவது உதவும்.

ஒரு நாட்டை வியாபாரத்துக்கு எடைபோட ஆட்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் நிலையாக இருக்கிறதா, வரி எவ்வளவு, துறைமுகம் எப்படி, ஆங்கிலத்தில் கதைக்கலாமா என்று. மாலைதீவு இதில் பெரிய மோசமில்லை. பள்ளிக்கூடப் படிப்பே ஆங்கிலத்தில்தான். கொழும்பில் இருந்து ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்கா போய்ச் சேருவதற்குத்தான் ஒரு இரவு முழுக்க பஸ்ஸில் இருக்க வேண்டும். இறங்கியதும் 30 நாள் விசா இலவசமாகக் குத்தித் தருகிறார்கள். வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, கைப்பையில் பிள்ளையார் வைத்திருப்பவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் அந்தப் பட்டியல் பெரிய நாடுகளை மனதில் வைத்துப் போட்டது. சின்னத் தீவு நாட்டில் முதலில் கேட்க வேண்டியது வேறு: நான் கேட்கும் சாமானுக்கு என்னைவிடப் பெரிய கை எது நீள்கிறது? அந்தக் கை இழுக்கும்போது எனக்கு என்ன மிஞ்சும்?

அளவைப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பில் மாலைதீவின் மொத்தச் சனத்தொகை, வெளிநாட்டு வேலையாட்களையும் சேர்த்து, ஏறக்குறைய 5 லட்சத்து 15 ஆயிரம். எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 2012ல் 5 லட்சத்து 83 ஆயிரம் பேர் இருந்தோம். அவ்வளவு பேரும் ஒரே இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. ஏறக்குறைய 1,190 தீவுகள், அதில் ஆட்கள் வாழ்வது 200க்கும் குறைவு. வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரைக்குமான தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் கடலில். "மாலைதீவில் இருந்து வாங்குகிறேன்" என்று சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. எந்தத் தீவில் இருந்து, அந்தத் தீவில் இருந்து தலைநகர் மாலேக்கு எந்தப் படகில், அந்தப் படகு எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதுதான் மீதிப் பாதி.

மாலேயில் எனக்கு உதவியது ஒரு கணக்காளர் தம்பி. கொக்குவில் பெடியன், அங்கே ஒரு கொம்பனியில் வேலை. இப்படிப் பல இலங்கையர் கணக்கு வேலையிலும் படிப்பிக்கும் வேலையிலும் இருக்கிறார்கள், யாராவது ஒருவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. வடக்குத் துறைமுகத்தை ஒட்டிய மீன்சந்தைக்கும் பக்கத்துச் சந்தைக்கும் கூட்டிக்கொண்டு போனான். தீவுகளில் இருந்து வரும் படகுகள் அங்கேதான் சாமான் இறக்குகின்றன. விலை கேட்டேன். புறக்கோட்டை விலையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

"அக்கா, இங்க நீங்க பாக்கிறது மாலேக்காரர் சாப்பிடுற மாசி. வெளியில போறது இந்தப் பக்கம் வாறதே இல்லை" என்றான்.

அது சரியாகத்தான் இருந்தது. தலைநகரத்துச் சந்தை விலையை வைத்து ஒரு நாட்டை மதிப்பிடக் கூடாது, குறிப்பாக எல்லாமே தலைநகரத்துக்கு வந்து போகும் சின்ன நாட்டில். அந்த விலைக்குள் படகுக் கூலி, இடைத்தரகர், மாலேயின் கடை வாடகை எல்லாம் ஏறிவிட்டிருக்கும்.

அதனால் தெற்கே லாமு அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்துக்குப் போனோம். கத்தூ விமான நிலையத்தில் இறங்கினால் பொனதூ, மாந்தூ, கன் என்று அடுத்தடுத்த தீவுகள் கடலுக்குள் போட்ட வீதியால் இணைந்திருக்கின்றன. படகு பார்த்துக் காத்திருக்காமல் ஒரே நாளில் பல இடம் பார்க்கலாம் என்பதால்தான் அதைத் தெரிந்தெடுத்தேன். மாந்தூவில் பெரிய மீன் பதனிடும் ஆலை இருக்கிறது. மற்றத் தீவுகளில் வீட்டு முற்றங்களில் மாசி செய்கிறார்கள். ஆலையும் வீடும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று.

ஒரு வீட்டில் அரைநாள் இருந்தேன். செய்பவர் என் வயதுப் பெண். பெண் என்றபடியால் என்னை அடுப்படி வரைக்கும் விட்டார்கள், இல்லாவிட்டால் முற்றத்தோடு நின்றிருப்பேன். சூரை மீனைத் தலை, குடல் நீக்கி, முள்ளில் இருந்து நாலு நீளத் துண்டாக எடுக்கிறார். உப்புத் தண்ணீரில் அவிக்கிறார். பிறகு தென்னை மட்டையும் விறகும் போட்டுப் புகையில் வைத்து, அதன்பின் நாட்கணக்கில் வெயில். அவித்த தண்ணீரை வீணாக்குவதில்லை, அதை மேலும் மேலும் காய்ச்சிக் கருப்பான களியாக்கி வைக்கிறார்கள். அதன் பெயர் ரிஹாகுரு, சோற்றோடு சாப்பிடுவார்கள். முடிந்த மாசி ஒன்றை எடுத்துக் கத்தியின் பின்பக்கத்தால் உடைத்துக் காட்டினார். வெட்டு முகம் கருஞ்சிவப்பாக, லேசாக மினுங்கியது. புகை மணந்தது, புளிப்பு வாடை இல்லை. இப்படி ஒரு துண்டு நான்காம் குறுக்குத்தெருவில் என் கைக்கு வந்ததே இல்லை.

மாதம் எத்தனை கிலோ தர முடியும் என்று கேட்டேன். தம்பி மொழிபெயர்த்தான். அவர் சிரித்தார். மீன் வந்தால் செய்வேன், வராவிட்டால் இல்லை. வந்தாலும் படகுக்காரர் ஆலைக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு இல்லை.

நான் தேடிப் போன பெரிய கை அந்தக் கடைசி வசனத்தில் இருந்தது. மாலைதீவின் சூரை, தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது. 2012ல் அந்த மீன்பிடிக்கு எம்எஸ்சி என்ற சர்வதேச நிலைபேறு மீன்பிடிச் சான்றிதழ் கிடைத்தது. அதனால் ஐரோப்பியப் பல்பொருள் அங்காடிகளுக்கு அதில் ஆசை. ஆனால் 2011ல் மாலைதீவு மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருந்து வெளியே வந்தது, அதோடு 2014ல் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச் சலுகையும் போய்விட்டது. அதுபோக உறைந்த சூரையில் பெரும்பங்கு தாய்லாந்தின் ரின்மீன் ஆலைகளுக்குப் போகிறது. பாங்கொக்கில் சூரை விலை ஏறினால் படகுக்காரர் மீனை உறைநிலைக் கிடங்குக்குத்தான் கொடுப்பார். ஒரு கிலோ மாசிக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும், அதற்கு மேல் விறகும் நாட்கணக்கான வேலையும். யார் மினக்கெடுவார்? லாமுவில் ஒரு முற்றத்து மாசியின் விலையை பாங்கொக் தீர்மானிக்கிறது. அதனால் இப்போது மாசி விலை கேட்பதற்கு முன் பாங்கொக்கில் சூரை என்ன விலை என்று பார்க்கிறேன், கைபேசியில் தேடினால் கிடைக்கும்.

அடுத்தது, என்னுடைய வாங்கும் ஆள் யார் என்பது. இதை யாழ்ப்பாணத்தில் இருந்தே யோசித்து வைத்துக்கொண்டு போக வேண்டும், அங்கே போய் யோசிக்கும் விசயம் இல்லை. திருநெல்வேலிச் சந்தையில் விற்கும் சம்பலுக்கு அந்தப் பெண்ணின் மாசி போதும், போதும் என்ன, அதைவிடச் சிறந்தது இல்லை. லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்பும் போத்தலுக்கு அது சரிவராது. சம்பல் மாதிரிக் கலப்புப் பண்டத்தில் போடும் மீன், அங்கீகாரம் பெற்ற ஆலையில் இருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. வீட்டு முற்றம் ஆலை இல்லை. மீனைப் பிடித்த நாட்டின் மீன்பிடிச் சான்றிதழும் வேண்டும், இன்னொரு நாட்டில் பதனிட்டால் அதற்கான கூற்றும் கூடவே போக வேண்டும். கனடாவில் 2019ல் இருந்து இறக்குமதி செய்பவரிடம் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்க வேண்டும், ரொறன்ரோக் கடைக்காரரிடம் அது இருக்கிறதா என்று நாங்கள்தான் கேட்க வேண்டும்.

இரண்டு பரிசோதனைகளையும் மறக்காதீர்கள். ஒன்று ஹிஸ்டமின், சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போலத் தடிப்பும் தலையிடியும் தரும் பொருள். சூரை பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு அவித்தாலும் புகைத்தாலும் காயவைத்தாலும் அது போகாது, மணத்திலும் தெரியாமல் போகலாம். ஐரோப்பாவில் ஒரு தொகுதியில் 9 மாதிரி எடுப்பார்கள். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஒரு மாதிரிகூட 200ஐத் தாண்டக் கூடாது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தூண்டிலில் இருந்து அண்டாவுக்கு எத்தனை மணித்தியாலம் என்பது. தீவுகளில் ஐஸ் தட்டுப்பாடு அடிக்கடி வரும், அதையும் கேளுங்கள். மற்றது புகை. விறகுப் புகை நேரே படும் மீனில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சோபைரீன் சேரும். புகையிட்ட மீனுக்கு ஐரோப்பிய எல்லை 2014 செப்டெம்பரில் இருந்து கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்தான். எனக்குப் பிடித்த அந்தப் புகை மணமே லண்டனில் கொள்கலனை மறிக்கக்கூடியது. கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடங்களில் கொடுத்துப் பார்க்கலாம். செலவுதான், ஆனால் திருப்பி அனுப்பிய சாமானுக்குச் செலவு அதைவிடக் கூட.

நாங்கள் மாசி வாங்கும் நாட்டின் பெயர் மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது, எங்கள் நாட்டின் பெயரும் பார்க்கப்படும். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது, 2016 ஜூனில்தான் எடுத்தது. அதில் ஒரு சிறு ஏற்றுமதியாளர் செய்த தவறு எதுவும் இல்லை, ஆனாலும் கதவு பூட்டித்தான் கிடந்தது. மாலைதீவு மாசியைப் பிரித்து, ஆவணத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க இதுவும் காரணம்.

காசு விசயத்துக்கு வருவோம். மாலைதீவு நாணயமான ருபியா 2011ல் இருந்து ஒரு வரம்புக்குள் கட்டி வைக்கப்பட்டு, டொலருக்கு 15.42 என்ற மேல் எல்லையிலேயே நிற்கிறது. பார்க்க நிலையான நாணயம். ஆனால் அந்த விலைக்கு வங்கியில் வேண்டிய அளவு டொலர் கிடைக்காது, வெளியில் விலை கூட. அதனால் டொலரில் கட்டுபவருக்கு அங்கே மரியாதை, பேரம் பேச இடம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கதை தெரிந்ததுதான். 2022 மார்ச்சில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது, சாமானுக்குக் கடன் கடிதம் (விற்பவருக்குக் காசு வரும் என்று வங்கி உறுதி தரும் கடிதம்) திறக்க வங்கிக்காரர் கையை விரித்தார். இரண்டு தீவுகள் வியாபாரம் செய்யும்போது இரண்டு பக்கமும் டொலருக்கு இழுபறி என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு மொத்த வியாபாரி, பிள்ளை கொழும்பில் படிக்கிறது, ரூபாவை அங்கே பிள்ளையின் கையில் கொடுங்கள், நான் இங்கே சாமான் ஏற்றுகிறேன் என்றார். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். வங்கிப் பத்திரம் இல்லை, சுங்கத்தில் காட்ட ஒன்றும் இல்லை, சட்டமும் இல்லை. மாட்டேன் என்றேன்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. மாலைதீவுக்காரர் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் கொழும்புக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். விற்பவரைச் சந்திக்க ஒவ்வொரு முறையும் மாலே போகத் தேவையில்லை, அவர் கொழும்பு வரும் நாளைக் கேட்டு வைத்தால் போதும். கையோடு மாதிரியும் கொண்டுவருவார்.

மாதிரியை நம்பி ஏற்ற வேண்டாம். எங்களுக்கு வந்த முதல் தொகுதியில் மூட்டையின் மேல் பாதி மாதிரி போலவே இருந்தது, அடிப்பக்கம் ஈரம், சிலதில் பூஞ்சணம். பேசி, கொஞ்சம் விலை குறைத்து வாங்கினேன். அதன்பின் ஒவ்வொரு மூட்டையிலும் அடியில் இருந்து ஒரு துண்டு எடுத்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதி விற்பவரிடமும் மறு பாதி என்னிடமும் உறை ஒட்டி வைக்கிறோம். சண்டை வந்தால் அதைப் பார்ப்போம் என்று பேச்சு. இதுவரைக்கும் வரவில்லை.

கப்பல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாடு சாப்பாட்டில் இருந்து சீமெந்து வரை இறக்குமதி செய்கிறது, கொள்கலன்கள் நிரம்பிப் போய்ப் பெரும்பாலும் வெறுமையாகத் திரும்புகின்றன. திரும்பும் வழிக்குக் கூலி குறைத்துப் பேசலாம். ஆனால் என்னைப்போல ஒரு கொள்கலனை நிரப்ப முடியாதவர்கள் யாரோடாவது சேர வேண்டும். வரியைப் பொறுத்தவரை, நான் கணக்குப் போட்டபோது மாசிக்கு இலங்கையில் விசேட வர்த்தகப் பண்ட அறவீடு இருந்தது. அது கிலோவுக்கு இவ்வளவு என்று வர்த்தமானியில் வரும், இரவோடிரவாக மாறும். ஏற்றுமதிக்காகவே கொண்டுவருவதென்றால் சுங்கத்தில் தற்காலிக இறக்குமதித் திட்டம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் விசாரியுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் முழுமையாகாது. 1988 நவம்பர் 3ஆம் திகதி மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்க இறங்கிய கூலிப்படையினர் புளொட் என்ற தமிழ் ஆயுத இயக்கத்தைச் சேர்ந்த எங்கள் பெடியள். இந்திய இராணுவம் வந்துதான் முறியடித்தது. அந்த நாள் அங்கே இன்றும் பொது விடுமுறை. யாழ்ப்பாணம் என்று சொன்னதும் ஒரு முதியவர் என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு தேநீர் ஊற்றினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதைவிடப் பழைய உறவும் உண்டு. 1344ல் மொரோக்கோப் பயணி இபுன் பதூதா மாலைதீவில் காதியாராக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, இருந்துவிட்டுக் கப்பலேறி, புத்தளத்தில் யாழ்ப்பாணத்து மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மாலைதீவில் இருந்து காய்ந்த மீன் வெளிநாடுகளுக்குப் போவதையும் அவர் எழுதியிருக்கிறார்.

எல்லாம் பார்த்த பிறகு, மாலைதீவை மாதாமாதம் வாங்கும் இடமாக நான் வைக்கவில்லை. அது அப்படிப்பட்ட நாடு இல்லை, எந்தச் சின்னத் தீவும் அப்படி இருக்குமா என்பது சந்தேகம். வருடத்துக்கான மாசியைக் காய்ந்த பருவத்தில் ஒரேயடியாக எடுத்து இங்கே வைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுப் போத்தலுக்கு ஆலை மாசி, சான்றிதழோடு. உள்ளூருக்கு வீட்டு மாசி, குறைந்தால் இலங்கைத் தென்பகுதி மாசியைக் கலக்காமல் தனிப் பெயரில், தனி விலையில். முதலாகப் போட்ட காசு முடங்குவது இதில் கூடுதல்தான். ஒக்டோபரில் எங்களுக்கு மழை தொடங்க முன் கொட்டிலில் ஒரு அறையைச் சீமெந்து பூசி, மரத்தட்டு அடித்து, மூட்டைகளைச் சுவரில் இருந்து தள்ளி வைத்திருக்கிறேன். கார்த்திகையில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

நாள்காட்டிதான் மிச்சம். அங்கே வெள்ளி, சனி விடுமுறை, எங்களுக்குச் சனி, ஞாயிறு. வங்கி வேலை நடக்கும் பொது நாள் திங்கள் முதல் வியாழன் வரை நாலுதான். மாசி நன்றாகக் காயும் வறண்ட காலம் ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை, இப்போது ரமழான் நோன்பு சரியாக அதற்கு நடுவில் விழுகிறது. நோன்பில் அலுவலக நேரம் குறையும், வீடுகளில் மீன் தேவை கூடும். 2026ல் அது பெப்ரவரி நடுப்பகுதியில் தொடங்கியது, 2027ல் இன்னும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். அதனால் அந்த வருடத்துக்கான ஓடரை டிசம்பரிலேயே பேசி முடித்து, தைப்பொங்கலுக்கு முன் வங்கியில் காசைக் கட்ட வேண்டும்.